காலைக் கட்டத்தில் நான்கு குளிசை

வைலே,
21.04.2025, திங்கள்.

அன்பு மகள் ஜெனுஷாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஆண்டவர் காத்ததில் நான் சுகம், அப்பாவும் எழும்பி வீட்டுக்குள் நடமாடுகிறார், நீயும் அந்த நூக் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, கிறீன்லாந்துப் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்துக்கொண்டு நலமாக இருப்பாய் என்ற நம்பிக்கையில் மேலே எழுதுகிறேன். முந்தாநாள்தானே தொலைபேசியில் கதைத்தோம், இப்போது எதற்குக் கடிதம் என்று நீ டெனிஷில் கேட்பது எனக்கு இங்கே கேட்கிறது. தொலைபேசி எடுத்தால் அப்பா பக்கத்தில் வந்து இருந்துகொண்டு ஸ்பீக்கரைப் போடச் சொல்வார், பிறகு அவரே கதைப்பார், அங்கே எத்தனை பாகை குளிர் என்று நாலு தரம் கேட்டுவிட்டு வைத்துவிடுவார். அவர் இருக்கும்போது சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது. தமிழை நீ எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய் என்று தெரியும், நல்லது, ஆறுதலாக வாசி, இது ஓடி ஓடி வாசிக்கிற கடிதம் இல்லை.

முதலில் அந்த வீடியோ. பெரிய வெள்ளியன்று அப்பா சிலுவையோடு விழுந்ததை யாரோ எடுத்துப் பங்கு மக்களின் வாட்ஸ்அப்பில் போட, அது கடல் தாண்டி உனக்கும் வந்து சேர்ந்துவிட்டது. "ஆண்டவரோடு சேர்ந்து விழுந்த மரியரட்ணம் அண்ணை" என்று கீழே எழுதியிருக்கிறார்கள், கும்பிடுகிற கை மூன்று, அழுகிற முகம் இரண்டு. ஒரு மனிதன் வியர்த்து மயங்கி விழுகிறான், அதைப் படம் எடுக்க ஆள் இருக்கிறது, தலைப்புப் போட ஆள் இருக்கிறது, தூக்கிப் பிடிக்க ஒருவரும் இல்லை. இப்படிப்பட்ட பக்தர்களோடுதான் உன் அம்மா முப்பது வருடமாகப் பூசை காண்கிறாள். அந்த வீடியோவில் கத்துகிற குரல் என்னுடையதுதான். கத்தியதற்காகச் சில பெண்கள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை, அதனால் எனக்கு ஒரு குறையும் இல்லை.

அப்பாவின் சீனி வருத்தம் உனக்குத் தெரியாததல்ல. இறைச்சித் தொழிற்சாலையில் நின்ற காலத்தில் கண்டுபிடித்தது, பதினான்கு வருடம் ஆகிறது. பதினான்கு வருடத்தில் தன் மருந்தைப் பற்றி அவர் அறிந்து வைத்திருப்பது என்ன என்று கேட்டால், காலையில் மூன்று, பின்னேரம் ஒன்று என்பார், அவ்வளவுதான் அவருடைய படிப்பு. பெரியது மெற்போமின், சின்னது உடம்பிலே இன்சுலினைச் சுரக்கப் பண்ணுவது, மற்றது பிரஷருக்கு என்று நான் எத்தனை தரம் சொல்லியிருப்பேன். தலையை ஆட்டுவார், ஆட்டிக்கொண்டே தொலைக்காட்சியில் சைக்கிள் ஓட்டப் போட்டி பார்ப்பார். கொம்யூன் நகரசபையிலும் ஒரு வகுப்பு வைத்தார்கள், ஆறு கிழமை, சீனி வருத்தக்காரருக்கு. பிளாஸ்டிக் உருளைக்கிழங்கையும் பிளாஸ்டிக் மீனையும் கறுத்தப் பாண் துண்டையும் தட்டில் அடுக்கி வைத்து ஒரு பெண் சிரித்துக்கொண்டே படிப்பித்தாள். அப்பா தான் சாப்பிடுவது பிட்டு என்று சொல்ல, அவள் தன் தொலைபேசியில் பிட்டைத் தேடிப் பார்த்து, நல்லது என்று சொல்லிவிட்டு மறுபடியும் உருளைக்கிழங்குக்குப் போய்விட்டாளாம். மருந்துகளுக்கு அரை மணித்தியாலம் ஒதுக்கியிருந்தார்கள், மொழிபெயர்ப்பாளர் தொலைபேசியில். அந்த மனிதர் கார் ஓடிக்கொண்டே மொழிபெயர்த்தார், திரும்புவதற்குப் போடும் விளக்கின் டிக் டிக் சத்தம் கேட்டதாம். அப்பா அங்கே கொடுத்த புத்தகத்தைக் கொண்டுவந்து மிதியடி வைக்கிற தட்டில் விரித்தார். அதைக் கண்ட அன்றைக்கே நான் தீர்மானித்துவிட்டேன், இந்தக் கூத்து ஒன்றும் வேண்டாம், இனி இந்த வீட்டில் மருந்து என் பொறுப்பு என்று.

ஏன் பொறுப்பெடுக்க மாட்டேன்? இருபத்திரண்டு வருடம் சோசு அசிஸ்டென்ட் என்ற பராமரிப்பு வேலையில் டெனிஷ் கிழவர்கள் வீடு வீடாகப் போய் மருந்துப் பெட்டி நிரப்புகிறவள் நான். ஏழு நாளுக்கு ஏழு வரிசை, ஒரு நாளுக்கு நாலு கட்டம், பட்டியலைப் பார்த்துப் போட்டு, போட்டு முடிய எண்ணி, எண்ணியதை எழுதி ஒப்பம் வைப்போம். புதிதாக வருகிற பெட்டைகளுக்கு நான்தான் காட்டிக்கொடுப்பேன். இந்த நாட்டு அப்போதெக் மருந்துக்கடையில் எது மலிவோ அதைத்தான் கொடுப்பார்கள், போன மாதம் நீலப் பெட்டி, இந்த மாதம் பச்சைப் பெட்டி, மேலே பெரிய எழுத்தில் பெயர் மாறும், குளிசையின் வடிவமும் மாறும், உள்ளே மருந்து அதேதான், ஆகவே பெரிய எழுத்தைப் பார்க்காதே, கீழே இருக்கிற சின்ன எழுத்தைப் பார், அதுதான் மருந்தின் பெயர் என்று சொல்லிக்கொடுப்பேன். போன நத்தார் பண்டிகைக்கு நீ வந்து நின்றபோது அப்பாவுக்கென்று ஒரு அட்டவணை செய்தாயே, நிறம் நிறமாகக் கட்டம் போட்டு, எந்தக் குளிசை என்னத்துக்கு, எதைச் சாப்பாட்டோடு எடுக்கவேண்டும் என்று எழுதி, குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிட்டுப் போனாய். நீ விமானம் ஏறிய அன்றைக்கே அதைக் கழற்றிவிட்டேன். என் சமையலறையில் எனக்கே பாடம் எடுக்கிறாளா என்று கோபம். இப்போது சொல்லுகிறேன், பிழையாக நினைக்காதே.

இனி கிறிஸ்துநாயகத்துக்கு வருகிறேன். பஸ் ஓடி ஓய்வுபெற்றவர், பங்குக் குழுத் தலைவர், சீனி வருத்தம் பற்றித் தெரியாதது ஒன்றும் இல்லாத மகான். பூசை முடியக் கீழ் மண்டபத்தில் கோப்பியும் கையுமாக நின்று, "இங்கிலிஷ் குளிசை கிட்னியை அரிச்சுப்போடும், நான் பாதிதான் போடுறனான்" என்று பிரசங்கம் வைப்பார். பாகற்காய்த் தூள் கரைத்துக் குடிக்கிறாராம். அவருடைய காற்பெருவிரலில் ஒரு வருடமாக ஆறாத புண் இருக்கிறது, அதைப் பற்றிப் பிரசங்கம் இல்லை. இந்தத் தவக்காலத்துக்கு அவர் மூளையில் உதித்த தர்மம் என்ன தெரியுமா, எல்லார் வீட்டிலும் மிஞ்சிக் கிடக்கிற மருந்தைச் சேர்த்து மன்னாருக்கு அனுப்புவது. டொக்டர் மாற்றிவிட்ட குளிசை, செத்துப்போனவரின் குளிசை, பாதி வெட்டிய அட்டை, திகதி முடிந்த பூச்சு, டெனிஷில் எழுதிய ஒட்டுத்தாளோடு இதையெல்லாம் மூட்டை கட்டி, அங்கே இருக்கிற அப்பாவிச் சனத்திடம் கொடுப்பதற்குப் பெயர் இரக்கமாம். எங்களுக்கு வேண்டாததுதான் ஏழைகளுக்கு மருந்து. சேர்த்ததையெல்லாம் தரம் பிரிக்க ஒரு ஆள் வேண்டும் என்று சொல்லி, "எங்கட மேரிகிறேஸ் அரை டொக்டர்தானே" என்று எல்லாருக்கும் முன்னால் அவர் சொன்னார். நான் இளித்துக்கொண்டு தலையாட்டினேன். அந்த ஒரு சொல்லுக்கு மயங்கி ஐந்து பை மருந்தை என் சாப்பாட்டு மேசைக்கு வரவழைத்தேன். உன் அப்பாவும் தன் பங்குக்கு அலுமாரியைத் துழாவிப் பெட்டி மாறுவதற்கு முன் மிஞ்சிப்போன தன்னுடைய பழைய பெட்டிகளை எடுத்துவந்து அதே மேசையில் வைத்தார், பெரிய தர்மவான்.

குருத்து ஞாயிறு பின்னேரம், வேலை முடித்துக் களைத்து வந்து, அந்தப் பைகளை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, வழக்கம்போல அப்பாவின் கிழமைப் பெட்டியை நிரப்பினேன். செவ்வாய்க்கிழமை முற்பகல் அவருக்கு வியர்த்தது. வெளியே ஏழு பாகை, இவர் சட்டை நனைய இருக்கிறார். யன்னல் துடைக்கச் சொன்னதுதான் வியர்வைக்குக் காரணம் என்று நான் சிரித்தேன். புதன்கிழமை கை நடுங்குகிறது என்றார், பசி தாங்கவில்லை என்று பதினொரு மணிக்கே நாலு துண்டு பாண் தின்றார், சீனி வருத்தக்காரன் தின்கிற தீனியா இது என்று ஏசினேன். வியாழன் காரணம் இல்லாமல் என்மேல் எரிந்து விழுந்தார், பிறகு சோபாவில் சுருண்டு படுத்தார். நாளைக்குச் சிலுவை தூக்கப் பயம், அதுதான் நடிப்பு என்று சொல்லிவிட்டு நான் பூசைக்குப் போய்விட்டேன். ஒரு டெனிஷ் கிழவருக்கு இந்த மூன்றில் ஒன்று இருந்தால்கூட நான் முதலில் விரலில் குத்தி இரத்தத்தில் சீனி பார்த்திருப்பேன். புருஷன் என்றபடியால் பார்க்கவில்லை.

பெரிய வெள்ளி அவர் ஒருசந்தி. முதல்நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றும் இல்லை, சிலுவைப்பாதை முடிந்து கஞ்சி குடிக்கும்வரை பச்சைத் தண்ணீர் மாத்திரம். காலை ஏழு மணிக்கு மருந்துப் பெட்டியைத் திறந்து காலைக் கட்டத்தைக் கையில் கொட்டி வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். சாப்பிடாமல் ஏன் போடுகிறீர்கள் என்று நான் கேட்க, "மருந்து சாப்பாடே? அதாலை ஒருசந்தி முறியாது" என்றார். முறியாதுதான், ஆள்தான் முறிந்தார். கோயில் வளவில் மழைத் தூறலில் பன்னிரண்டு மணிக்குத் தொடங்கியது. ஒன்பதாம் தலம், யேசுநாதர் மூன்றாம் முறை விழுகிற இடம், அங்கேதான் இவரும் விழுந்தார். அதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது, சனம் நடிப்பு என்று நினைத்து உருகிவிட்டது. பரமேஸ்வரி என்று ஒரு பெண் சைவக்காரி, புருஷனுக்காகக் கோயிலுக்கு வருகிறவள், அவள் ஒருத்திதான் முழங்காலில் இருந்து அவரைப் புரட்டினாள். உதடு வெள்ளை, சட்டை தெப்பம், பெயரைக் கேட்டால் வேறு ஏதோ சொல்கிறார். நான் மண்டபத்துக்குள் ஓடிக் கோப்பி மேசையில் இருந்த சீனியை அள்ளித் தண்ணீரில் கரைத்துக்கொண்டு வர, கிறிஸ்துநாயகம் செபப் புத்தகத்தோடு குறுக்கே நின்று, "அவருக்குச் சீனி வருத்தம் பிள்ளை, சீனி குடுத்துக் கொல்லப்போறியே?" என்கிறார். சீனி குறைந்து சாகக் கிடக்கிறவனுக்குச் சீனி விஷமாம். அப்போதுதான் நான் கத்தினேன், நீ வீடியோவில் கேட்டது அது. விழுங்குகிறாரா என்று பார்த்துப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்கினேன். பரமேஸ்வரி 112க்கு அடித்தாள். அம்புலன்சுக்காரர் விரலில் குத்திப் பார்த்தபோது ஒன்று புள்ளி ஒன்பது. நாலுக்குக் கீழே போகக்கூடாது, உனக்குத் தெரிந்திருக்கட்டும்.

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள், சீனி ஏறியது, பின்னேரம் மறுபடியும் விழுந்தது, அந்தச் சின்னக் குளிசையின் வேலை உடம்பில் நெடுநேரம் நிற்குமாம், அதனால் சனி பின்னேரம்வரை வைத்திருந்தார்கள். ஒரு இளம் டொக்டர், உன் வயதுதான் இருக்கும், கணினியில் அப்பாவின் மருந்துப் பட்டியலைப் பார்த்துவிட்டு, இந்த அளவுக்கு ஒரு நாள் பட்டினியால் மாத்திரம் இவ்வளவு கீழே போனது புதினமாக இருக்கிறது, தவறிக் கூடுதலாக எடுத்திருக்க வழி உண்டா என்று மரியாதையாகக் கேட்டாள். எனக்கு வந்ததே கோபம். நான் யார், என்ன வேலை, எத்தனை வருடம் என்று என் திறம் டெனிஷில் அவளுக்கு விளங்கப்படுத்தினேன். பெட்டி நிரப்புவது நான், அதில் பிழை வராது, பிழை இந்த மனிதரில், சொல்லைக் கேட்கிற ஆள் இல்லை, சாமிப் பைத்தியம் என்றேன். அப்பாவுக்குத் தொழிற்சாலை டெனிஷ் விளங்கும். படுத்திருந்தபடி என்னைப் பார்க்காமல், "ஓம், என்ர பிழைதான்" என்று தமிழில் சொன்னார். டொக்டர் என்ன சொல்கிறார் என்று கேட்டாள், தன் பிழை என்று ஒத்துக்கொள்கிறார் என்று மொழிபெயர்த்தேன். சரி, அப்படியென்றால் சிறுநீரகம் மருந்தை வெளியேற்றவில்லையோ என்று பார்க்க வேண்டும், அந்தக் குளிசையை நிறுத்துங்கள், குடும்ப டொக்டரிடம் போங்கள், இன்சுலின் ஊசிக்கு மாற வேண்டியும் வரலாம் என்று எழுதிக்கொடுத்து அனுப்பினாள்.

சிறுநீரகம் என்ற சொல் கேட்டதிலிருந்து அப்பா அரை ஆள். அவருடைய அண்ணன் கடைசி மூன்று வருடம் கிழமைக்கு மூன்று நாள் இரத்தம் சுத்திகரித்து எலும்பாகப் போனதை இவர் பக்கத்தில் இருந்து பார்த்தவர். நேற்று உயிர்த்த ஞாயிறு, கிறிஸ்துநாயகமும் கூட்டமும் பழத்தட்டோடு வந்து, ஆண்டவருக்காக விழுந்த மனிதர் என்று அவரைப் புகழ்கிறார்கள், இவர் சிரிக்கவும் இல்லை. அவர்கள் போனபிறகு என்னிடம், "இனி நான் சிலுவை தூக்கேல்லை, உனக்குக் கரைச்சல் தந்திட்டன்" என்றார். பிறகு, எங்கள் வைலே ஆஸ்பத்திரியிலேயே அந்தச் சுத்திகரிப்புச் செய்வார்களா, கோல்டிங்குக்குப் போகவேண்டுமா என்று விசாரித்தார். நான் வாய்க்கு வந்தபடி, சாப்பிடாமல் குளிசை போடுகிறவருக்கு எங்கே செய்தால் என்ன என்றேன்.

அதைச் சொல்லிவிட்டுத்தான் கிழமைப் பெட்டியைக் கையில் எடுத்தேன். புதிய கிழமைக்கு நிரப்ப வேண்டும், நிறுத்தச் சொன்ன குளிசையைக் கழிக்க வேண்டும். சனி ஆஸ்பத்திரியில், ஞாயிறு பயத்தில் அவர் பெட்டியைத் தொடவில்லை, இரண்டு நாளும் எடுபடாமல் அப்படியே இருந்தன. சனிக்கிழமை காலைக் கட்டத்தைத் திறந்து உள்ளங்கையில் கொட்டினேன். மூன்று இருக்க வேண்டிய இடத்தில் நான்கு. ஞாயிற்றுக்கிழமையிலும் நான்கு. அவற்றில் இரண்டு சின்னது, வட்டமாக ஒன்று, நீள்வட்டமாக ஒன்று. மேசையில் இருந்த பெட்டிகளைத் தேடினேன், ஒன்று நீலம், ஒன்று பச்சை, இரண்டிலும் அப்பாவின் பெயர் ஒட்டியிருக்கிறது, மேலே பெரிய எழுத்தில் வேறு வேறு பெயர், கீழே சின்ன எழுத்தில் இரண்டிலும் ஒரே மருந்து. மன்னாருக்கென்று அவர் எடுத்து வைத்த பழைய பெட்டி அது. குருத்து ஞாயிறன்று அவருடைய பெயர் இருந்த பெட்டியையெல்லாம் கைக்கெட்டியபடி எடுத்து, பட்டியலைப் பார்க்காமல், எண்ணாமல், யாருக்கும் ஒப்பம் வைக்கத் தேவையில்லாத என் சொந்த வீட்டில், கிழமை முழுவதற்கும் அந்தச் சின்னக் குளிசையை இரட்டிப்பாக நிரப்பியிருக்கிறேன். ஐந்து காலை அவர் அதை விழுங்கினார். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு அந்நியக் கிழவருக்கு நான் செய்யாததை என் புருஷனுக்குச் செய்தேன்.

இன்னும் இருக்கிறது, எழுதத் தொடங்கியாயிற்று, எழுதிவிடுகிறேன். மாசி மாதம் குடும்ப டொக்டர் சொன்னது இரண்டு விடயம். ஒருசந்தி பிடிக்காமல் இருப்பது நல்லது, பிடித்தே தீருவதென்றால் அன்றைக்கு அந்தச் சின்னக் குளிசையை மாத்திரம் எடுக்க வேண்டாம் என்று. நான் அப்பாவுக்கு மொழிபெயர்த்தது முதல் பாதியை மட்டும். இரண்டாம் பாதியைச் சொன்னால் ஒருசந்திக்கு உத்தரவு கொடுத்ததாகிவிடும் என்று நானே டொக்டருக்கு மேல் டொக்டராகி முடிவெடுத்தேன். பிறகு அவர் வெறும் வயிற்றில் குளிசை போட்டார் என்று ஊரெல்லாம் ஏசுகிறேன். கிறிஸ்துநாயகம் பாகற்காய்த் தூளோடு நிற்கிறார், நான் அதற்கும் மேலே போய்விட்டேன். அந்த ஆஸ்பத்திரி டொக்டர் பிள்ளை சரியான கேள்வியைத்தான் கேட்டாள், கேள்வியின் கழுத்தைத் திருகியவள் நான். இதை இப்படியே விட்டால் இல்லாத சிறுநீரக வருத்தத்துக்குப் பயந்தே மனிதர் போய்விடுவார், தேவையில்லாத ஊசியும் ஏறும். சொன்னால் இந்த வீட்டில் என் வாய்க்கு இனி மதிப்பில்லை. அதற்காக ஒரு நாள் முழுக்க வாயை மூடிக்கொண்டு திரிந்தேன், அதையும் உனக்கு ஒளிக்கவில்லை. அப்பா குசினிக்குள் தேத்தண்ணீர் வைக்கிறார், சத்தம் கேட்கிறது. இதை இங்கே நிறுத்திவிட்டுப் போய்ச் சொல்லப்போகிறேன்.

22.04, செவ்வாய்.

சொன்னேன். இரண்டு குளிசையையும் மேசையில் வைத்து, இரண்டு பெட்டியையும் வைத்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சின்ன எழுத்தை நெடுநேரம் பார்த்தார். "அப்ப என்ர கிட்னி?" என்று மட்டும் கேட்டார். உங்களுடைய கிட்னியில் குற்றம் இருப்பதாக இதுவரை ஒருவரும் காணவில்லை, குற்றம் என் கையில் என்றேன். அந்த மனிதர் தேத்தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு இரண்டு துண்டு பாண் கேட்டார். ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

இன்று காலை எட்டு மணிக்குக் குடும்ப டொக்டருக்குத் தொலைபேசி எடுத்தேன், எட்டிலிருந்து ஒன்பதுவரைதான் அவர் நேரடியாகக் கதைப்பார். அப்பாவைப் பக்கத்தில் இருத்தி நானே ஸ்பீக்கரைப் போட்டேன். ஐந்து நாள் அவர் இரட்டிப்பாக விழுங்கும்படி நான் நிரப்பினேன், ஆஸ்பத்திரியில் அதை மறுத்தும் சொன்னேன் என்று முழுவதையும் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை, இந்த டெனிஷ்காரரின் பொறுமை சிலவேளை எனக்கு எரிச்சல்தான். சொன்னது நல்லது, இரத்தம் சோதித்துப் பார்ப்போம், அதுவரை அந்தக் குளிசை வேண்டாம், ஊசி பற்றி இப்போது யோசிக்க வேண்டாம், காலையும் மாலையும் குத்திப் பார்த்து எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். உங்கள் கணவர் பதினான்கு வருடமாகக் காலையில் மூன்று எடுக்கிறவர், கையில் நான்கு இருந்தது அவருக்குத் தெரியவில்லையா, அவரிடமே கேளுங்கள் என்றார். நான் திரும்பி அப்பாவிடம் கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார், பிறகு தொலைபேசியைப் பார்த்துச் சொன்னார்.

"நாலு கிடந்ததைத் திங்கக்கிழமையே கண்டனான். கேட்டா இவ ஏசுவா. அதுதான் பேசாமல் விழுங்கினனான்."

டொக்டர் அந்தப் பக்கம் காத்துக்கொண்டிருக்கிறார், என்ன சொன்னார் என்று கேட்கிறார். அதை டெனிஷில் சொல்ல வேண்டியவள் நான். சொன்னேன் மகள், ஒரு சொல்லும் குறைக்காமல், என் வாயால். பிறகு டொக்டர், அடுத்த முறை வரும்போது அவர் என்னோடு தானாகக் கதைக்கட்டும், டெனிஷ் எவ்வளவு பிழையாக வந்தாலும் எனக்கு நேரம் இருக்கிறது என்றார். அதையும் முழுதாக அப்பாவுக்குச் சொன்னேன். அவர் "ஓம்" என்றார்.

மத்தியானம் ஐந்து பையையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டுபோய் அப்போதெக்கில் அழிப்பதற்குக் கொடுத்துவிட்டேன். கிறிஸ்துநாயகம் தொலைபேசியில் குதித்தார், குதிக்கட்டும், முதலில் அந்தக் கால்விரலை டொக்டரிடம் காட்டுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன். இந்தக் கிழமைப் பெட்டியை அப்பாதான் நிரப்பினார், பட்டியலைப் பார்த்து ஒவ்வொரு பெயராக வாசித்து, ஒரு மணித்தியாலம் எடுத்தது. பத்து நிமிட வேலை. நான் பக்கத்தில் இருந்து எண்ணினேன், வாய் திறக்கவில்லை, இரண்டு முறையைத் தவிர.

உடம்பைக் கவனமாகப் பார்த்துக்கொள். காற்று நாளில் தொப்பி இல்லாமல் வெளியே போகாதே, உனக்குத் தலையிடி வருவதே அதனால்தான். தலையிடிக்கு நீ போடுகிற குளிசையின் பெட்டியைச் சின்ன எழுத்துத் தெரியும்படி படம் எடுத்து அனுப்பு. அந்த அட்டவணையையும் மறுபடி செய்து அனுப்பு, தமிழில், அப்பா கண்ணாடி இல்லாமல் வாசிக்கிற அளவு எழுத்தில், இம்முறை கழற்றமாட்டேன். மடுமாதா உன்னைத் தன் சேலைத் தலைப்புக்குள் வைத்துக் காக்கட்டும், ஆண்டவர் உனக்கு நல்ல சுகமும் நல்ல மனிதரும் தரட்டும். நான் ஏசுவேன் என்று நீயும் எதையாவது என்னிடம் கேட்காமல், சொல்லாமல் விழுங்கி வைத்திருந்தால் எழுது. ஏசமாட்டேன் என்று சத்தியம் பண்ண என்னால் ஏலாது, எழுதிப் பார்.

இப்படிக்கு,
உன் அம்மா,
மேரிகிறேஸ் மரியரட்ணம்.